தாடை மடிப்பு

வீரணன் உயிரோடு இருந்தபோது அவனை ஒரே ஒரு தடவைதான் ஒழுங்காகப் போட்டோ எடுத்தார்கள். அதுவும் அவனுக்காக எடுத்ததல்ல, நாய்க்காக எடுத்தது.

தொண்ணூற்றாறில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பொருட்காட்சி நடந்தது. அதில் ஒரு நாள் நாய்ப் போட்டி. ராஜபாளையம் தங்கச்சாமி வளர்த்த பீமன் முதல் பரிசு வாங்கியது. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். தங்கச்சாமி வளர்த்தது என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. சோறு வைத்தது, உண்ணி பிடுங்கியது, விடிவதற்குள் செண்பகத்தோப்புப் பாதையில் ஓடவிட்டது எல்லாம் மம்சாபுரத்து வீரணன். போட்டியில் நடுவர் பக்கத்தில் வரும்போது நாயின் தாடைக்குக் கீழே இடது கையைக் கொடுத்துத் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பல்லைக் காட்டச் சொன்னால் அதே கையால் வாயைத் திறந்து காட்ட வேண்டும். வீரணன் கை பட்டால் பீமன் அசையாது. பரிசு அறிவித்ததும் பரிபூரணம் ஸ்டூடியோ ஐயாதுரை அந்த நிலையிலேயே இரண்டு பேரையும் முழு உருவமாக எடுத்தார். தங்கச்சாமி கோப்பையோடு தனியாக நின்று இன்னொரு படம் எடுத்துக்கொண்டார்.

தொண்ணூற்றெட்டு தை மாதம் பீமன் இரை எடுக்காமல் கிடந்தது. வாய் பாதி திறந்தபடி தொங்கியது. எச்சில் ஒழுகியது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று வீரணன் நினைத்தான். வேறு எவனாக இருந்தாலும் தள்ளி நின்றிருப்பான். இவன் அந்த வாயை நூறு நடுவர்களுக்குத் திறந்து காட்டியவன். வழக்கம்போல இடது கையால் திறந்து, விரலை உள்ளே விட்டுத் துழாவினான். எலும்பு இல்லை. பல் லேசாகக் கீறியது. அதை அவன் ஒரு கடியாகவே கணக்கில் எடுக்கவில்லை. நாய் செத்தது. மாந்தோப்பில் குழி தோண்டிப் புதைத்ததும் அவன்தான். மாசி முடியும்போது அவனுக்குத் தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஊருக்குத் தங்கச்சாமி சொன்ன கதை வேறு. பீமனைப் பாம்பு கடித்தது. வீரணனைத் தெருநாய் கடித்தது. அவனைப் பொங்கலுக்கு முன்னாலேயே வேலையை விட்டு நிறுத்தியாயிற்று, அதனால் தமக்கு விவரம் தெரியாது. பீமனின் குட்டிகளைக் கேட்டு வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வந்துகொண்டிருந்த நேரம் அது. வெறி பிடித்துச் செத்த நாயின் வாரிசு என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் அத்தோடு முடிந்தது. கூலிக்காரர்கள் அவர் தோப்பில் வேலை செய்தார்கள், கேட்டுக்கொண்டார்கள். மம்சாபுரத்தில் நம்பாதவர்களும் நம்புகிறமாதிரித் தலையாட்டினார்கள். இப்படித் தலையாட்டித்தான் பாதி ஊர் சாப்பிடுகிறது.

வீரணன் பெண்டாட்டி வெள்ளத்தாய் தலையாட்டவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. தீபாவளி கழிந்து ஒரு நாள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பரிபூரணம் ஸ்டூடியோ வாசலில் நின்றாள். வருஷத் திதிக்குச் சுவரில் மாட்டப் படம் வேண்டும் என்றாள். வாக்காளர் அட்டையையும் கையில் வைத்திருந்தாள். அதில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. அது வீரணன்தான் என்று அட்டையைக் கொடுத்தவர்களாலேயே சொல்ல முடியாது.

“பொருக்காட்சியில அவிய நாயப் பிடிச்சிக்கிட்டு நின்னாவளே, அந்தப் படம் ஒங்ககிட்ட இருக்குமே அண்ணாச்சி” என்றாள்.

ஐயாதுரை நெகட்டிவைத் தேடி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாயை எடுத்துவிட்டு ஆளை மட்டும் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

“வேண்டாம். நாயும் இருக்கட்டும். அவிய கை அது தாடையில இருக்கணும். வாரவுக பாக்கணும்லா.”

சாமி படத்துக்குப் பக்கத்தில் நாய் இருக்கிற படத்தை யாரும் மாட்டுவதில்லை, மாலை போடுகிற படத்தில் செத்தவர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று ஐயாதுரை எடுத்துச் சொன்னார். அவர் வேதக்கோயிலுக்குப் போகிறவர். ஆனால் இந்துக்கள் எந்தப் படத்துக்கு மாலை போடுவார்கள் என்பது அவர் தொழில், அவருக்குத் தெரியும். வெள்ளத்தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாயும் இருக்கட்டும் என்று மறுபடி சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்டூடியோவில் அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அதில் வேலை பார்த்தவன் சோலைச்சாமி. பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். கொஞ்ச காலம் மில்லில் ராத்திரி ஷிப்ட் போனான், பஞ்சுத் தூசி நெஞ்சில் கட்டியதும் அதையும் விட்டான். இங்கே ஏ.சி. இருந்தது. மனிதனுக்காக வைத்ததில்லை, கம்ப்யூட்டருக்காக வைத்தது. கல்யாண ஆல்பத்தில் எதிர்பாராமல் விழுந்த எச்சில் இலை, மணமேடைக்குப் பின்னால் தொங்கும் ஒயர், சண்டை போட்டுப் பிரிந்த மச்சினன் என்று தினமும் எதையாவது அழித்துக்கொண்டிருந்தான். அதற்கு ரப்பர் ஸ்டாம்ப் என்று ஒரு கருவி. பக்கத்தில் இருக்கிற சுவரையோ செடியையோ தொட்டு எடுத்து, வேண்டாததின் மேல் ஒற்றி ஒற்றி மூட வேண்டும். எதையும் உண்மையில் எடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பதை இழுத்து மேலே பூசுவது, அவ்வளவுதான். அப்போதைய மென்பொருளில் ஓர் அடிதான் பின்னால் போக முடியும். இரண்டு ஒற்று தப்பாக ஒற்றினால் முதல் ஒற்று போனது போனதுதான்.

வீரணன் படத்தை அவன் ஸ்கேன் செய்து வைத்த மறுநாளே தங்கச்சாமி காரில் வந்து இறங்கினார். புது வருஷத்துக்குக் காலண்டர் போடுகிறார். முழுத் தாளில் பீமன், அடியில் அவர் பெயரும் விலாசமும். சிவகாசியில் அச்சாகும். ஓரத்தில் வட்டத்துக்குள் அவர் படமும் வர வேண்டும், அதற்காக அவர் வேட்டி சட்டையில் நிற்கும் ஒரு படத்தைக் கொடுத்தார்.

“நாய் மட்டும் போதும். ஆள் வேண்டாம்” என்றார்.

ஐயாதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு, வீரணன் சம்சாரமும் இதே படத்தைக் கேட்டு வந்ததைச் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் அவர் மகன் கல்யாணத்துக்குத் தங்கச்சாமியின் மண்டபத்தைக் கேட்டிருந்தார்.

தங்கச்சாமிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிறவராக இருந்தால் இத்தனை ஏக்கர் சேர்ந்திருக்காது. தாராளமாகக் கொடுங்கள், பாவம், நம்மிடம் வேலை பார்த்தவன்தான் என்றார். நாய் மட்டும் அதில் இருக்கக் கூடாது. பிறகு நாற்காலியை இழுத்துச் சோலைச்சாமி பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் வீரணனை அழித்தார்கள். காக்கிச் சட்டையின் மேல் பந்தல் துணியை இழுத்துப் பூசியதும் மார்பு போனது. முகம் சின்னது, நாலைந்து ஒற்றில் போனது. கால் இருந்த இடத்தில் புழுதி வந்தது. சங்கிலியை அழித்ததும் நாய் தானாக நிற்பது மாதிரி ஆயிற்று. தங்கச்சாமி பார்த்துக்கொண்டிருந்தார். ஆளை இப்படி நீக்க முடியும் என்பது அவருக்குப் புதிதில்லை, இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில் நீக்க முடியும் என்பதுதான் புதிது.

கஷ்டம் கையில் வந்தது. வீரணனின் இடது கை தாடைக்கு அடியில் முழுதாகப் பதிந்திருந்தது. வெள்ளை முடியைத் தொட்டுத் தொட்டு அந்தக் கறுத்த கையின் மேல் ஒற்றினான் சோலைச்சாமி. புறங்கை போனது. கட்டைவிரல் போனது. இல்லாத தாடை ஒன்று மெல்ல உண்டானது. கடைசியாகக் கழுத்துச் சுருக்கத்துக்குள் பாதி புதைந்த சுண்டுவிரல் பாக்கி. அதற்குப் பக்கத்தில் கருவியைக் கொண்டுபோனபோது தங்கச்சாமி அவன் தோளைத் தட்டினார்.

“ஏலே, அதத் தொடாத. அது தாடை மடிப்பு.”

சோலைச்சாமி திரும்பிப் பார்த்தான்.

“ஒனக்கு நாயப் பத்தி என்னலே தெரியும்? நல்ல சாதிக்கு அடித்தாடையில இப்படி ஒரு மடிப்பு விழும். இதப் பாத்துத்தான் விவரம் தெரிஞ்சவன் குட்டி கேப்பான். அப்பிடியே விடு.”

விரல் என்று சோலைச்சாமி சொல்லியிருக்கலாம். நாய்க்காரர் நாயைப் பற்றிச் சொல்கிறார், விடச் சொல்கிறார், விட்டான். பெரிதாக ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் தங்கச்சாமி தப்பாகச் சொன்னது அது ஒன்றுதான், அதைத் திருத்த அவனுக்கு மனசில்லை.

அடுத்து வெள்ளத்தாயின் படம். நாயை அழித்தால் வீரணனுக்குக் கையே இருக்காது என்று சோலைச்சாமி சொன்னான். ஒரு கை தாடைக்குக் கீழே, இன்னொரு கை நாயின் முதுகுக்குப் பின்னால். தலையை மட்டும் எடுத்துப் பெரிதாக்கினால் மூக்கு எது வாய் எது என்று தெரியாது, அவ்வளவு சின்ன முகம். தொடை வரைக்குமாவது போட்டால்தான் ஆள் மாதிரி இருக்கும்.

“ஏதாச்சும் ரெண்டு கைய வையி” என்றார் தங்கச்சாமி.

மெஷினில் அப்போது இருந்த கை அவருடையதுதான். காலண்டருக்காகக் கொடுத்த படத்தில் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. சோலைச்சாமி அதை வெட்டி ஒட்டினான். மோதிரத்தை அழித்தான், கடிகாரத்தை அழித்தான், தோலைக் கொஞ்சம் கறுப்பாக்கினான். தங்கச்சாமி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஏலே, அது என் கையா? நல்லாத்தாம்லே பொருந்துது” என்று சிரித்தார். ஐயாதுரையும் சிரித்தார்.

புறப்படும்போது நெகட்டிவைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இந்தப் பெட்டிக்குள் முழுப் படம் இருக்கிறதே, அதுவும் வேண்டாம் என்றார். சோலைச்சாமி ஐயாதுரையைப் பார்த்தான். ஐயாதுரை தரையைப் பார்த்தார். அவன் அழித்தான். உறுதியாக அழிக்கலாமா என்று பெட்டி ஒரு தடவை கேட்டது. அந்த அறையில் அதைக் கேட்டது பெட்டி மட்டும்தான்.

வெள்ளத்தாய் வந்தபோது படம் தயாராக இருந்தது. பின்னால் நீலநிறத் திரை, வீரணன் காக்கிச் சட்டையில் நிமிர்ந்து நின்றான், இரண்டு கையும் பக்கத்தில் தொங்கின. அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இது யாரு கை?”

ஐயாதுரை ஏதோ சொன்னார். கம்ப்யூட்டர் வேலை, இப்படித்தான் வரும், எல்லாருக்கும் இப்படித்தான் செய்கிறோம் என்கிற மாதிரி.

“அவிய கை எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? இது வேல செஞ்ச கை கெடையாது.”

நாய் எங்கே என்று கேட்டாள். இல்லை என்றார்கள். நெகட்டிவ் எங்கே என்று கேட்டாள். ஐயாதுரை பில் புத்தகத்தைத் திறந்து புரட்டியதில் அவளுக்குப் பதில் கிடைத்தது. படத்தை மேஜை மேல் வைத்தாள். பணம் வேண்டாம், சும்மா எடுத்துக்கொண்டு போ தாயி என்று ஐயாதுரை சொல்லிப் பார்த்தார். அவள் வாங்கவில்லை.

திரும்புகிறபோதுதான் சுவரில் காலண்டரைப் பார்த்தாள். சிவகாசியிலிருந்து அந்த வாரம்தான் வந்திருந்தது. ஸ்டூடியோவுக்கு ஒரு கட்டு கொடுத்திருந்தார்கள். வெள்ளை வெளேரென்று பீமன், புழுதியில் தன்னந்தனியாக, தலையைத் தூக்கிக்கொண்டு. தாங்க ஆளில்லாமல் எந்த நாயும் தலையை அப்படித் தூக்கிக்கொண்டு நிற்காது. காலண்டரை வாங்கினவர்கள் யாரும் அதை யோசிக்கவில்லை.

அவள் கிட்டப் போனாள். கை இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தேடிக் கண் போனது. தாடைக்கு அடியில், கழுத்துச் சுருக்கத்துக்குள், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு. அதன் மேல் தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள்.

“இத விட்டுட்டியே தம்பி” என்றாள் சோலைச்சாமியிடம். அவன் கட்டை அவிழ்த்தான். ஒரு காலண்டரைச் சுருட்டிக் கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டாள்.

அவள் வாங்காத வீரணன் படம் ஸ்டூடியோவிலேயே கிடந்தது. கொஞ்ச நாள் கழித்து ஐயாதுரை அதற்குச் சட்டம் போட்டு வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். பழைய படத்தைப் புதிதாக்கித் தரப்படும் என்று கீழே எழுதினார். சுத்தமான வேலை என்று நாலு பேர் சொன்னார்கள். யார் இந்த ஆள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாசியில் வருஷத் திதி வந்தது. வெள்ளத்தாய் காலண்டரைச் சுவரில் மாட்டினாள். தாடைக்கு அடியில் இருந்த கறுப்பைச் சுற்றிச் சந்தனம் வைத்தாள், பூ வைத்தாள், இலை போட்டாள். வந்தவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பார்த்தவர்கள் ஆமாம் என்றார்கள். வெளியே வந்து, அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். சொந்த நாத்தனார் பாலம்மாளே, செத்தவனுக்குப் படைக்கிற சோற்றை நாய்க்குப் படைக்கிறாயே ஏட்டி என்று கேட்டாள். வெள்ளத்தாய் இலையில் இன்னொரு அகப்பை சோறு வைத்தாள். விரல் தெரிகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று இருந்தாள்.

தெரிய வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது, வேறு விதமாக. தங்கச்சாமியின் தோப்பில் வேலை பார்க்கிற ஒருவன் திதிக்கு வந்திருந்தான். அவன் கண்ணில் நாயும் பூவும் மட்டும்தான் பட்டன, அதையே முதலாளியிடம் போய்ச் சொன்னான். அடுத்த தடவை குட்டி வாங்க வந்தவர்களில் ஒருவர் எங்கேயோ கேள்விப்பட்டு வெறிநோயைப் பற்றி இழுத்தபோது, தங்கச்சாமிக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. வேண்டுமானால் மம்சாபுரம் போய்ப் பாருங்கள் என்றார். செத்தவன் பெண்டாட்டியே வீட்டில் எங்கள் பீமன் படத்தை மாட்டிப் பூப்போட்டுக் கும்பிடுகிறாள். புருஷனைக் கொன்ற நாயை எந்தப் பொம்பளையாவது கும்பிடுவாளா?

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. இரண்டு பேர் நிஜமாகவே மம்சாபுரம் வந்து, வாசலில் நின்று எட்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். எதற்கு வந்தார்கள் என்று வெள்ளத்தாய்க்கு அப்போது புரியவில்லை. களை எடுக்கப் போன இடத்தில் ஒருத்தி சொல்லித்தான் புரிந்தது.

மறுநாள் காலையில் ஸ்டூடியோ திறக்கும்போதே அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். காலண்டர் சுருட்டி மடியில் இருந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்து போயிருந்தது. வாசல் கண்ணாடிக்குள் அவள் புருஷன் யாருடைய கையையோ தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். அதை அவள் பார்க்கவே இல்லை. ஐயாதுரை அவளைக் கண்டதும் பஜார் வரைக்கும் போய்விட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். சோலைச்சாமி மட்டும் இருந்தான்.

“தம்பி, அன்னைக்கு ஆள எடுத்தியே, அதே மாதிரி இதுல நாய எடுத்துரு” என்றாள். “வெரலு மட்டும் இருக்கட்டும்.”

“அது மட்டும் இருந்தா என்னன்னு யாருக்கும் தெரியாதுக்கா.”

“நாயோட இருந்தா மட்டும் தெரிஞ்சுதா?”

அவன் காலண்டரை ஸ்கேனரில் வைத்து, எவ்வளவு பெரிதாக எடுக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக எடுத்தான். ஆளை எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. நாயை எடுக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை. பக்கத்தில் எதையும் பூச வேண்டியதில்லை, வெள்ளையாக்கினால் போதும். காது, கண், ரோஸ் மூக்கு, பரிசு வாங்கின நெஞ்சு எல்லாம் போனது. அவள் நின்றுகொண்டே பார்த்தாள். தங்கச்சாமி உட்கார்ந்திருந்த நாற்காலி பக்கத்தில் காலியாகக் கிடந்தது, உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. கடைசியில் வெள்ளையின் நடுவில் அந்தக் கறுப்பு மட்டும் நின்றது. முழு விரல்கூட இல்லை. இரண்டு கணு, கொஞ்சம் நகம்.

அச்சடித்த தாளிலிருந்து எடுத்தது. பெரிதாக்கியதும் வெறும் புள்ளியாக வந்தது. மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. கிட்டப் பார்த்தால் எதுவும் இல்லை, தள்ளி நின்றால் விரல். இதற்கு மேல் வராது என்றான். போதும் என்றாள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். ஐயாதுரை வந்து கேட்டால் தாள் வீணாய்ப் போனது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

எதிர்ச் சந்தில் இருளப்பசாமி படச் சட்டக் கடை வைத்திருந்தார். காமாட்சி, முருகன், செத்துப்போன தாத்தாக்கள் என்று கண்ணாடி போட்டு அடுக்கியிருக்கும். வெள்ளத்தாய் தாளை நீட்டினாள். அவர் அதை ஒரு பக்கம் பிடித்துப் பார்த்தார். திருப்பி இன்னொரு பக்கம் பிடித்துப் பார்த்தார். கொக்கி எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

“ஏத்தா, இதுல மேல் பக்கம் எது?”

அவள் தாளை அவர் கையிலிருந்து வாங்கிச் சரியாகத் திருப்பிக் கொடுத்தாள்.

“கீழருந்து தாங்கிப் பிடிச்சிருக்கு” என்றாள்.

எதை என்று அவர் கேட்கவில்லை. பென்சிலால் மேல் விளிம்பில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டார்.